கஸ்தூரி நடந்த தூரம் எந்த வகை விரயம்?

1

இந்த வாரத்தோடு நானும் கமலாவும் ஜெர்மனிக்கு வந்து மூன்று ஆண்டு நிறைகிறது. நாள் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு. இதில் வெயில் அடித்த நாட்களைத் தனி நோட்டில் குறித்து வருகிறேன். அந்த எண்ணிக்கையைச் சொன்னால் தாம்பரத்தில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

நம் காலனி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி செயலாளர் கேட்டு ஆறு வாரமாகிறது. என்ன எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் நகராட்சி ஒரு சிவப்பு அட்டை கொடுத்து உதவியது.

மகன் வீட்டு வாசலில் நான்கு குப்பைத் தொட்டிகள் நிற்கின்றன. காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு. கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைக்கு எடுத்துப்போய் நிறம் பார்த்து மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் வருமாம். போன செவ்வாய்க்கிழமை வண்டிக்காரர்கள் எங்கள் பழுப்புத் தொட்டியை மட்டும் தொடாமல் விட்டு, கைப்பிடியில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். குற்றம்: இரண்டு கொட்டாங்கச்சி.

"மரத்துல காய்க்கிறதுதானே? பிளாஸ்டிக்கா அது? போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள் கமலா.

போனேன். வரிசைச் சீட்டு வாங்கி நாற்பத்தேழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அம்மாள் மிகவும் பொறுமையாக, கொட்டாங்கச்சி மக்குவதற்கு நெடுநாள் ஆகும், அதன் இடம் கறுப்புத் தொட்டி என்று படம் வரைந்து விளக்கினார். நான் கோட்டைக் கழற்றாமல் இருப்பதைப் பார்த்து ஏதோ விசாரித்தார். எனக்குக் குளிர்கிறது என்று அவர்கள் மொழியில் சொன்னேன். நான் சொன்னதற்கு அர்த்தம் 'நான் ஈவிரக்கம் இல்லாதவன்' என்று பிற்பாடு பேத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பேத்தி மித்ராவுக்குப் பதினொரு வயது. வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, குப்பையில இத்தனை வகை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? ஏழு வகை வேஸ்ட் படிச்சவன் நான்."

"ஏழா? நம்மகிட்ட நாலு தொட்டிதானே இருக்கு. மிச்சம் மூணை எங்க போடுவீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மாடியேறிவிட்டாள். அவள் கேட்காமல் போனதை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் கடைசியாக வேலை பார்த்தது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தினமும் மொபெட்டில் பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தொரு வேகத்தடை. கார் இருக்கையைத் தரையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தகடுகளை அங்கே செய்தோம். பெரிய இரும்புத் தகட்டை பிரஸ்ஸுக்குள் செலுத்தினால், டை என்கிற எஃகு அச்சு அதை வெட்டி வளைத்துத் தள்ளும். முதலாளி பாலாஜியைச் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். நான் உற்பத்தி மேற்பார்வையாளர்.

2004இல், மழைக்காலம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, எங்களிடம் சரக்கு வாங்கும் கார் கம்பெனி அருண் என்ற பயிற்சியாளரை அனுப்பியது. சட்டையைக் கசங்காமல் வைத்திருக்கத் தெரிந்த பையன். எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து வெள்ளைப் பலகையில் ஏழு வகை விரயங்களை எழுதினான். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளை இங்கும் அங்கும் சுமப்பது, வேண்டாத வேலையைச் செய்வது, சரக்கைக் குவிப்பது, ஆள் வீணாக நடப்பது, பழுதாகச் செய்வது. "இந்த ஏழையும் வெரட்டினா கம்பெனி இளைச்சு கச்சிதமா ஆயிடும். அதுக்குப் பேருதான் லீன்" என்றான்.

பிரஸ் ஓட்டும் முனுசாமி கையைத் தூக்கினார். படப்பையிலிருந்து வருபவர், இருபது வருட அனுபவம். "ஒரு டவுட்டு சார். வேலை செய்யாம குந்திகினு இருந்தா வேஸ்ட்டு, அது புரியுது. வேலை செய்றதும் வேஸ்ட்டுன்றீங்களே, நான் இன்னாதான் பண்றது?"

எல்லோரும் சிரித்தோம். அருணும் சிரித்தான். "நாளைக்கு வேண்டியதை இன்னைக்கே செஞ்சு குவிச்சா வேஸ்ட்டுண்ணா."

பிறகு அவன் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் இந்தக் கதைக்குக் காரணம். "கடைசியில உக்காந்து செக் பண்றதும் கணக்குல வராது. செக் பண்றதால நல்ல பீஸ் இன்னும் நல்லதா ஆயிடாது பாருங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ நான் ஏழாவதா, எட்டாவதா சார்?"

கஸ்தூரி. பரிசோதனை மேசையில் இருந்த மூன்று பெண்களில் மூத்தவள், நாற்பது வயதிருக்கும். பிறந்தது கடற்கரைக் குப்பத்தில், அம்மா மீன் விற்றவர். வாழ்க்கைப்பட்டது குன்றத்தூரில், கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மகளை நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதற்கும் சிரித்தோம். அவளும் சிரித்தாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

அருண் பன்னிரண்டு வாரம் கெடு கொடுத்தான். அதற்குள் பழுதுச் சரக்கு குறைய வேண்டும், ஆள் கணக்கும் குறைந்தால் நல்லது. இல்லையென்றால் ஆர்டர் வேறிடத்துக்குப் போகும். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஆர்டர்தான்.

பாலாஜி என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்தார். "சார், எல்லாத்தையும் அளங்க. உங்களை விட்டா யாரு?"

குக்கர் விசிலை எண்ணி, படிக்கட்டை எண்ணி, கல்யாண வீட்டில் பந்தி இலையை எண்ணி, வாழ்நாள் முழுக்கக் கேலி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்தப் பழக்கத்துக்கு முதல்முறையாக ஒரு பதவி கிடைத்தது. அன்று மாலை அந்த முப்பத்தொரு வேகத்தடையையும் மொபெட் தாண்டியதே தெரியவில்லை.

3

எட்டு நாள் அளந்தேன். முனுசாமி குனிந்து நிமிர்வதை அளந்தேன். தண்ணீர்ப் பானைக்குப் போய் வருவதை அளந்தேன். தகடு வரவில்லை என்று பிரஸ் சும்மா நிற்பதை அளந்தேன். எல்லாவற்றையும் ஏழு கட்டம் போட்ட தாளில் நிரப்பினேன்.

கஸ்தூரி விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. எங்கள் ஷெட்டில் பிரஸ் தென்கிழக்கு மூலையில் இருந்தது, பரிசோதனை மேசை வடகிழக்கு மூலையில். நடுவே வழியை அடைத்து மற்ற இயந்திரங்கள், கம்பி ரேக்குகள். அவற்றைச் சுற்றிக்கொண்டு போனால் அறுபத்திரண்டு காலடி. பிரஸ்ஸில் ஒரு ட்ரே நிரம்பியதும் கஸ்தூரி எழுந்து போவாள், அறுபது துண்டுள்ள அந்த ட்ரேயை இடுப்பில் ஏந்திக்கொண்டு திரும்புவாள். ஒரு நாளைக்கு முப்பத்து நாலு தடவை. ஆக நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு காலடி. சுமாராக இரண்டரைக் கிலோமீட்டர். வேலை நாள் ஆறு என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர்.

"கஸ்தூரி, நீ ஒவ்வொரு வாரமும் தாம்பரத்துக்கு நடந்தே வந்துடறே, தெரியுமா?" என்றேன்.

"வந்தா உங்க வூட்ல ஒரு காபி குடுக்கச் சொல்லுங்க சார்" என்றாள்.

அவள் பின்னாலேயே நான் தாளும் வாட்சுமாக நடந்ததைப் பார்த்து மற்றவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னா சார், கஸ்தூரிக்கு மாப்ள பாக்க வந்தா மாதிரி பின்னாடியே சுத்தினுகிறீங்க?" என்று முனுசாமி கேட்டார். "ஏற்கெனவே ஒண்ணு பேஜாரு பண்ணினு கீது அண்ணா, இன்னொண்ணா?" என்று அவள் சொன்னதும் பிரஸ் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு.

ஒவ்வொரு தடவையும் பிரஸ் அருகே அவள் பன்னிரண்டு நொடி நின்று முனுசாமியோடு ஏதோ பேசினாள். அதையும் விடாமல் குறித்தேன். 'பேச்சு, 12 நொடி' என்று எழுதி, காத்திருப்பு என்ற கட்டத்தில் போட்டேன்.

தீர்வு எளிதாக இருந்தது. பிரஸ்ஸிலிருந்து மேசை வரைக்கும், சுவரை ஒட்டி, சரிவாக ஒரு உருளைப் பாதை. ட்ரேயைத் தள்ளிவிட்டால் தானாகவே உருண்டு கஸ்தூரி முன்னால் வந்து நிற்கும். நடையே வேண்டாம். கோடு போட்டு, அளவு எழுதிக் கொடுத்தேன். எட்டாவது வாரம் பாதை தயாரானது. முதல் ட்ரே உருண்டு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மாலை பாலாஜி கேட்டார். "நடையும் இல்ல, தூக்குறதும் இல்லன்னா அங்க மூணு பேர் எதுக்கு சார்?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஒருவர் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு இளம் பெண்களில் ஒருத்தி கணினி கற்றவள், அவள் இருக்கட்டும் என்றார் பாலாஜி. மற்றொருத்தியை அலுவலகத்துக்கு மாற்றினார். கஸ்தூரியை எங்கே மாற்றுவது என்று இருவரும் யோசித்தோம். இடம் எதுவும் தென்படவில்லை. அருண் தணிக்கைக்கு வரும்போது காட்டுவதற்காக, ஆள் குறைப்புப் பட்டியல் என்று ஒரு தாளைத் தட்டச்சு செய்தார். அதில் இருந்தது ஒரே பெயர். கீழே என் கையெழுத்து.

4

இங்கே கொஞ்சம் நிறுத்தி இன்றைய கவலை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

இந்த ஊர்க்காரர்கள் எண்ணைத் திருப்பிச் சொல்கிறார்கள். இருபத்தொன்று என்பதற்கு 'ஒன்றும் இருபதும்' என்று சொல்வார்கள். நாற்பத்தேழு அவர்கள் வாயில் 'ஏழும் நாற்பதும்'. அரசு அலுவலகத்தில் என் எண்ணைக் கூப்பிடும்போது நான் வேறு எண்ணுக்கு எழுந்து போய், இதுவரை நான்கு முறை வழிமறித்திருக்கிறேன். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போன அன்று, பத்து நாற்பதுக்குக் கொடுத்த நேரத்துக்கு பத்து பத்துக்கே போய் உட்கார்ந்திருந்தும், என் முறையை நானே தவறவிட்டேன். பதினேழு தாள் எடுத்துப் போயிருந்தேன். பதினெட்டாவது தாளைக் கேட்டார்கள்.

மித்ராவுக்கு இது எதுவும் வித்தியாசமாகவே தெரிவதில்லை. அவள் மனக்கணக்குப் போடும்போது உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருபதும், இரண்டும் இருபதும் என்றுதான் போகிறது. என் பேத்தி என்னைப் போலவே எல்லாவற்றையும் எண்ணுகிறாள், படிக்கட்டைக்கூட. ஆனால் நான் பின்தொடர முடியாத வரிசையில் எண்ணுகிறாள். கமலாவிடம் சொல்லிக் குறைப்பட்டேன். "கூட்டினா சரியா வருதா? வருதுல்ல? அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள்.

5

உருளைப் பாதை நான்கு நாள் நன்றாக ஓடியது. கஸ்தூரி மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். பேச ஆள் இல்லாததால், பிரஸ் சத்தம் தவிர ஷெட் முழுக்க ஒரு அமைதி. இதுவும் ஒரு முன்னேற்றம் என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஓரத்தில் பிசிறு. விரலை வைத்தால் கிழிக்கிற அளவுக்கு.

"எந்த ட்ரேல?"

"எல்லா ட்ரேலயும் சார். பத்து ட்ரே நிக்கிது. கடைசிலேர்ந்து பாத்துட்டேன்."

அறுநூறு துண்டு. டை மழுங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. முனுசாமி எப்போதும்போல ஒவ்வொரு ட்ரேயாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவை பாதையில் வரிசையாக நின்று, தங்கள் முறைக்குக் காத்திருந்தன. பழுதான முதல் துண்டு கஸ்தூரியின் கைக்கு வருவதற்குள், அதற்குப் பின்னால் அறுநூறு பிறந்துவிட்டன.

அன்று எல்லோரும் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பிசிறைத் தேய்த்தோம். பாலாஜியும் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என் மனம் கட்டங்களை நிரப்பியது. பழுது, ஆமாம். பாதையில் குவிந்த சரக்கு, ஆமாம். தேவையில்லாத வேலை, இதோ செய்துகொண்டிருக்கிறோம். பிரஸ் காத்திருக்கிறது. ட்ரேக்களைத் திரும்பச் சுமக்கிறோம். ஆளாளுக்கு அரம் தேடி நடக்கிறோம். ஒரு விரயத்தை ஒழித்து ஆறைப் பெற்றிருந்தேன்.

அதே வாரம் இன்னொரு தடவை நடந்தது. அந்த முறை ஒரு ட்ரே தப்பிப் போய், கார் கம்பெனியில் இருக்கை பூட்டும் ஒருவரின் கையுறையைக் கிழித்துவிட்டது. இனி இப்படி நடந்தால் தணிக்கை வரை காத்திருக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. பாலாஜி அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கஸ்தூரிமேல் எனக்குக் கோபம் வந்தது. ஒளித்து என்ன பயன்? "நீ முன்ன மாதிரி கவனமா பாக்கறதில்ல" என்றேன்.

அவள் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தாள். "சார், எட்டு நாளு என் பின்னாடியே வந்து என் காலை எண்ணினீங்க. கைய எண்ணினீங்களா?"

"கையா?"

"போங்க சார். முனுசாமி அண்ணனக் கேளுங்க."

முனுசாமியிடம் போனேன். என் பழைய தாளை விரித்து அந்தப் பன்னிரண்டு நொடியைக் காட்டினேன். "இவ ட்ரே எடுக்க வர்றப்ப தினமும் முப்பத்து நாலு தடவை என்ன பேசுவீங்க?"

"இன்னா பேசும் சார்? ட்ரேல மேல கீற பீஸை எடுத்து ஓரத்தைக் கட்டைவெரலால தடவும். 'அண்ணா, ஏறுது'ன்னும். நான் உடனே பிரஸ்ஸை நிறுத்தி டையைக் கழட்டி சாணை புடிப்பேன். ஏறலைன்னா அது ஊட்டுக் கதை எதுனா சொல்லிட்டு பூடும்."

"இதை ஏன் நீங்க யாரும் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார். நீங்க எண்ணிகினு இருந்தீங்க."

கண்ணுக்குத் தெரியாத பிசிறு அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. டை மழுங்கி ஒரு ட்ரே முடிவதற்குள் செய்தி பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தச் செய்தி போய்க்கொண்டிருந்த வழியைத்தான் நான் கோடு போட்டு அடைத்திருந்தேன். "உனக்கு எப்படித் தெரியுது?" என்று அவளிடமே கேட்டேன்.

"மீனு செவுளைத் தூக்கிப் பாத்து, வெரலு வெச்சு நேத்து மீனா இன்னிக்கி மீனான்னு சொல்ற வூட்ல பொறந்தவ சார் நானு. இது இரும்பு. இது பொய் சொல்லாது."

6

அப்படியானால் நடையைத் திரும்பக் கொடுத்துவிடலாமா? இரண்டரைக் கிலோமீட்டர் வீண் நடைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கும் இல்லை. "ரோலரு வேணாம், நடையும் வேணாம் சார். மேசையைத் தூக்கி அண்ணன் பக்கத்துல போடுங்க. அங்கியே உக்காந்து தடவிப் பாத்துட்டு ட்ரேல போடறேன்" என்றாள்.

இதை எட்டு நாள் அளந்தும் நான் ஏன் நினைக்கவில்லை என்று கேட்பீர்கள். மேசையை நகர்த்த முடியாது என்று எங்கள் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. ஷெட் கட்டியபோது ஒரு வாஸ்துக்காரர் வந்து, தீயும் பலமும் சேர்ந்த பிரஸ் அக்னி மூலையில், நல்லது கெட்டது பிரிக்கிற மேசை ஈசானிய மூலையில் என்று குறித்துக் கொடுத்திருந்தார். மேசைக்கு மேலே சாமி படங்கள். வேலை தொடங்கும்போது பாலாஜியின் மனைவி வந்து விளக்கேற்றிய இடம். அது சுவர் மாதிரி அசையாத பொருள் என்று எண்ணி, அதைச் சுற்றியே எல்லாக் கோட்டையும் போட்டிருந்தேன். ஏழு கட்டத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

பாலாஜி நடுங்கிவிட்டார். "சார், இருக்கற ஆர்டரே ஊசலாடுது. இப்பப் போய் ஈசானியத்தைக் காலி பண்ணச் சொல்றீங்களே? வீட்ல கேட்டா என்ன சொல்றது?"

"நான் தப்பா அளந்துட்டேன். அந்தப் பட்டியல்ல போட்ட கையெழுத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். அறுநூறு துண்டுக்குக் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றிருந்த கஸ்தூரியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"ஈசானிய மூலையில சாமி படம் அப்படியே இருக்கட்டும் சார். விளக்கும் அங்கியே எரியட்டும். நவுரப் போறது நானும் மேசையும். நாங்க இன்னா சாமியா?"

பாலாஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கப் பார்த்து முடியவில்லை.

நாளும் தானாக அமைந்தது. அடுத்த வாரம் ஆயுத பூஜை. அன்று எப்படியும் எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து ஷெட்டைக் கழுவிவிடுவோம். வெளியே போன மேசை திரும்பி வரும்போது பிரஸ் பக்கத்தில் இறங்கியது. பாலாஜியின் மனைவி வந்து பழைய மூலையில் விளக்கேற்றினார். பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தார், தள்ளிப்போன மேசைக்கும் ஒரு பொட்டு வைத்தார். "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். பாலாஜி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முனுசாமி உடைத்த பூசணிக்காய் பதினான்கு துண்டானது. என் உருளைப் பாதையைக் கழற்றி, பொரி மூட்டை இறக்கப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் பட்டியல் பாலாஜியின் இழுப்பறையில்தான் இருந்தது. கிழிக்கச் சொல்லிக் கேட்டேன். "ஆடிட் முடியட்டும் சார். ஆளைக் குறைக்கலைன்னா ஆர்டர் இல்லைன்னு அவங்க சொன்னா நான் என்ன பண்ணுவேன்? நாப்பத்து மூணு பேர் இருக்காங்க" என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் பதினோரு நாள் சோறு இறங்கவில்லை. கஸ்தூரிக்குப் பட்டியல் விஷயம் தெரியுமா என்றும் தெரியாது. தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்தப் பதினோரு நாளும் அவள் வீட்டுக் கதை எதையும் முனுசாமியிடம் சொல்லவில்லை.

7

தணிக்கை நாளில் அருண் அதே கசங்காத சட்டையோடு வந்தான். பாலாஜியின் அறையில் வரைபடத்தைக் காட்டினேன். பழுதுக்கோடு முதலில் மலையேறி, பிறகு சறுக்குமரத்தில் சறுக்கியதுபோல இறங்கியிருந்தது.

"இந்த மலை என்ன சார்?"

"அது நான்" என்றேன். உருளைப் பாதை, அறுநூறு துண்டு, கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"ஆனா இன்ஸ்பெக்ஷன் அப்படியேதானே இருக்கு? ஆள் கணக்கு குறையலையே" என்று பாலாஜியைப் பார்த்தான். "குறைக்கிற மாதிரி லிஸ்ட் அனுப்பறேன்னு மெயில்ல எழுதியிருந்தீங்களே?"

பாலாஜியின் கை இழுப்பறைக்குப் போனது.

அந்த நேரம் பார்த்து பிரஸ் சத்தம் நின்றது.

அந்த ஷெட்டில் வேலை நேரத்தில் பிரஸ் நிற்பது என்றால் பாலாஜிக்கு உயிர் போகிற மாதிரி. இழுப்பறையை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார். பின்னால் நாங்கள் இருவரும் ஓடினோம்.

"என்னாச்சு? கரண்ட் போயிடுச்சா?"

"கரண்டு கீது சார். நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் கஸ்தூரி.

முனுசாமி ஏற்கெனவே ஸ்பேனரை எடுத்து டையைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். அருண் அவள் கையிலிருந்த துண்டை வாங்கி, ஓரத்தை விரலால் தடவினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் தெரியலையேம்மா. நல்லாத்தானே இருக்கு?"

"நல்ல பீஸ்தான் சார் அது. அனுப்பலாம். இன்னும் நூறு பீஸ் போனா உங்க வெரலுக்கே தெரியும். அப்ப தெரிஞ்சு இன்னா பண்றது?"

அருண் இன்னொரு முறை தடவினான். பிறகு அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சட்டை கசங்கியது, அவன் கவனிக்கவில்லை.

"இவங்க இதைக் கடைசியில செக் பண்ணலை சார். பீஸ் செய்யறப்பவே செக் பண்றாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். ஆறு மாதத்துக்கு ஆர்டரைத் தொடரச் சொல்லி எழுதுவதாகச் சொன்னான். பிறகு பாலாஜியிடம், "அந்த லிஸ்ட்?" என்றான்.

"அது பழைய லிஸ்ட் சார்" என்றார் பாலாஜி.

கஸ்தூரி தலை நிமிரவில்லை. முனுசாமி கழற்றிக் கொடுத்த டையின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துவிட்டு முகத்தையும் அதே துணியால் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். கன்னத்தில் எண்ணெய்க் கறை ஒட்டியது.

பாலாஜிக்கு அங்கிருந்து நகர மனமில்லை. இரண்டு அடி இப்படியும் அப்படியும் நடந்தார். "எவ்ளோ நேரம் ஆகும் கஸ்தூரி?"

"ஆனா சொல்றேன் சார். நீங்க உள்ள போய் உக்காருங்க."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.